எடைக்கு எடை வெல்லம் நேர்ந்துகொண்டு எடை குறைந்தேன்

2005-ஆம் வருடம் கார்த்திகை மாதத்தில் என் கால் ஒடிந்தது. அன்று மத்தியானமே மழை தூற ஆரம்பித்துவிட்டதால் வேலையை நிறுத்தி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கம்பெனி வேனில் ஊருக்குத் திரும்பினோம். எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாரும் இறங்கின பிறகு கடைசியாக நான் இறங்கினேன். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் சேலைக் கொசுவம். வேன் படியில் ஈரச்சேறு அப்பியிருந்தது. வழுக்கிவிட்டது. வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலியைவிட அந்தச் சத்தம்தான் ரொம்ப நாள் காதில் இருந்தது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் பேச வராது. நம் மாரியம்மன் எனக்குச் செய்ததைக் கோவில் விழா மலரில் எழுத வேண்டும் என்று என்னோடு வேலை பார்க்கும் ராணி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வருடம் உட்கார்ந்து எழுதிவிட்டேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. சின்ன வெடிகளைத் திரியோடு சேர்த்து மாலை மாதிரிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம். கை ஓடும், உடம்பு அசையாது. கால் ஒடிவதற்கு முன்னாலேயே நான் நல்ல பருமன்தான். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. கூட இருந்தவர்களும் கேலி பேசியதில்லை. வேனில் எனக்கு ஒன்றரை இடம் என்று ராணி சொல்லுவாள். நானும் சிரிப்பேன்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டோடு படுத்திருந்த நாட்களில்தான் என் உடம்பு கையை மீறிப் போனது. எலும்பு கூட வேண்டும் என்று சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து என்னைக் கவனித்தார்கள். ஒருத்தி ஆட்டுக்கால் சூப் கொண்டு வருவாள். ஒருத்தி நாட்டுக்கோழி முட்டையை உடைத்து நல்லெண்ணெய் ஊற்றி வாயிலேயே விட்டுவிடுவாள். எங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் எண்ணெய்ப் பரோட்டா வாங்கி, சால்னா தனியாகக் கட்டிக் கொண்டு வருவார். என் பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்துப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அத்தனை பிரியமாக இருந்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தை மாதம் கட்டைப் பிரித்தார்கள். கால் மட்டும் குச்சி மாதிரி மெலிந்திருந்தது. மற்றதெல்லாம் ஊதியிருந்தது. எழுந்து ஊன்றினேன், நிற்க முடியவில்லை. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொன்னார். பிறகு என்னை எடைபோடும் மிஷினில் ஏறச் சொன்னார். எண்பத்து நாலு கிலோ.

"கால்ல கோளாறு இல்லம்மா. ஆனா இம்புட்டு எடைய அது தாங்காது. எடையக் குறைச்சாதான் நடை வரும். நடந்தாதான் எடை குறையும். ரெண்டையும் சேத்துத்தான் செய்யணும்" என்றார்.

எனக்கு அது புரியவே இல்லை. நடக்க முடிந்தால்தானே நடப்பதற்கு? வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே வெளியே வந்தேன்.

மாசி மாதம் ஒருவழியாகக் கம்பில்லாமல் நடக்க ஆரம்பித்தேன். உடனே போர்மேனைப் பார்க்கக் கம்பெனிக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுகிற வேலை கிடைக்கும்தான். ஆனால் எனக்கு என் இடம் வேண்டும். பதினைந்து வருடம் உட்கார்ந்த அறை. ராணியும் மற்ற இரண்டு பேரும் இருக்கிற அறை. நான் வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் அதுதான்.

பட்டாசு வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு பேருக்கு நாலு பக்கமும் வாசல். வாசலை அடைத்து ஒரு சாமான் வைக்கக் கூடாது. செருப்பைக்கூட வெளியில்தான் விட வேண்டும். ஏதாவது ஒன்றென்றால் யோசிக்காமல் எழுந்து ஓட வேண்டும். முதல் நாள் வேலைக்குச் சேரும்போது சரம் பின்னச் சொல்லித்தருவதற்கு முன்னால் ஓடத்தான் சொல்லித்தருவார்கள்.

போர்மேன் நல்ல மனிதர். என்னைவிட இளையவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு வெளியே இருந்த வேப்பமரத்தைக் காட்டி, அதுவரைக்கும் ஓடிக் காட்டச் சொன்னார். நான் எழுந்தேன். பாதித் தூரம்கூடப் போகவில்லை. கால் மடங்கியது, மூச்சு முட்டியது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அறைகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அக்கா, ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருமேன்னு மட்டும் சொல்லல. நீங்க ஓடலைன்னா மத்த மூணு பேரும் ஒங்கள விட்டுட்டு ஓட மாட்டாக. அந்த ராணி இருக்காளே, அவ சத்தியமா ஓட மாட்டா. அதுக்குத்தான் சொல்லுதேன். ஓட வரட்டும். ஆடிக்கு மேல சீசன் வேல பிடிச்சிரும். அதுவரைக்கும் ஒங்க எடத்துக்கு ஆள் போடாமப் பாத்துக்கிடுதேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் சொன்னது நியாயமாக இருந்ததால் அழுகைதான் வந்தது. அது வரைக்கும் என் உடம்பு எனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கண்மாய்க் கரையில் இருக்கிற நம் அம்மன் கோவிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன நேர்வது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய வேண்டுதல் என்றால் எடைக்கு எடை வெல்லம் கொடுப்போம். வாயில் அதுதான் வந்தது. "தாயே, என்னை ஓட வை. என் எடைக்கு எடை மண்டை வெல்லம் ஒனக்குக் கொண்டாந்து வைக்கேன்" என்றேன். என் எடை எவ்வளவு என்பதும் அப்போது நினைப்பில் இருந்தது. அதைத்தான் மனதில் வைத்து நேர்ந்தேன்.

அடுத்த நாளிலிருந்து டாக்டரம்மா சொன்னபடி ஆரம்பித்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தி, கேப்பைக் கூழ் குடித்தேன். காராச்சேவு டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடிந்ததும் விடியாததுமாகக் கண்மாய்க் கரையில் நடந்தேன்.

நடப்பது கஷ்டமாக இருந்தது. அதைவிடக் கஷ்டம் வெட்கம். எங்கள் ஊரில் பொம்பளை ஒருத்தி காரியம் இல்லாமல் நடந்து யாரும் பார்த்ததில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதனால் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீருக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? அந்தத் திட்டம் ரொம்ப நாள் நிற்கவில்லை. காலையில் லோடு ஏற்றிப் போகிற வேன் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, தினம் நான் கெளம்பும்போது வெறுங்குடத்தோட எதுக்க வாறீகளே, வெடி லோடும்மா இது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் குடத்தில் பாதித் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடந்தேன். கால் வீங்கிவிட்டது.

ராணிக்கு விஷயம் தெரிந்ததும் குடத்தைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டாள். ஊர் முறைக்கு அவளுக்கு நான் மதினி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளும் வந்து என்னோடு நடக்க ஆரம்பித்தாள். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், மதினியை மேய்த்துக்கொண்டு போகிறேன் என்று பதில் சொல்லுவாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கோவிலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்பேன். நீளமாக வேண்ட எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நடக்க வை, அது போதும் என்பேன். நாளைக்கு வேண்டியதை நாளைக்குக் கேட்பேன். அப்படியே பங்குனி போனது, சித்திரை போனது. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் எடைச் சீட்டு தருகிற மிஷினில் ஏறிப் பார்த்தேன். ஆறு கிலோ குறைந்திருந்தது. ராணி சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அந்தக் கூட்டத்திலேயே குதித்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் என் வேண்டுதலைப் பற்றிச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப நீங்க குறையக் குறைய ஆத்தாவுக்குல்ல நட்டம்? நல்லா வெவரமாத்தான் நேந்திருக்கீக மதினி."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். எண்பத்து நாலு கிலோவாக இருந்தபோது எடைக்கு எடை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த மறுநாளிலிருந்து எடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். வெல்லம் வாங்கக் கஷ்டப்பட்டுத்தான் குறைக்கிறாள் என்று அம்மன் நினைத்துவிட்டால்? தெய்வத்தையே ஏமாற்றுகிறவள் ஆகிவிட்டேனா? இதைக் கேட்டுப் படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் மறுபடியும் கால் வீங்கியது. அதுவும் அம்மன் கோபம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நடப்பதை நிறுத்தினேன். ராணி வந்து கதவைத் தட்டினால் தலைவலி என்று சொன்னேன். ராத்திரி சோறு தின்றேன். சனிக்கிழமை பரோட்டா வந்தது. அதையும் தின்றேன். வீட்டுக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. நான் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போன அந்த நாளை நினைத்துக்கொண்டேன். குறைத்தால் அம்மன் குற்றம். குறைக்காவிட்டால் வேலை இல்லை. பக்கத்திலிருப்பவர்களிடம் சொல்லவும் வெட்கம். வைகாசி முழுவதும் அப்படியே போனது. குறைத்ததில் பாதி திரும்ப வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ராணி என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். வழியில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. தன்னால் வந்த வினை என்று அவளுக்கு வருத்தம். கோவிலில் பூசாரியிடம் அவளே போய், "மதினி பூக் கட்டிப் பாக்கணுமாம்" என்றாள்.

எங்கள் கோவிலில் மனசு இரண்டாக இருக்கும்போது பூக் கட்டிப் பார்ப்போம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் ஒன்றுபோல மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

பூசாரி சின்ன வயசுக்காரர். அவருடைய அப்பா காலமான பிறகு பூசைக்கு வந்தவர். கேள்வி என்னவென்று கேட்டார். நான் மனசுக்குள் நினைத்துக்கொள்கிறேன் என்று மெல்லச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"சத்தமாச் சொல்லுங்க தாயி. வெள்ளைக்கு எது, செவப்புக்கு எதுன்னு நாளைக்கு நீங்களே மாத்திக்கிடக் கூடாதுல்ல."

வெள்ளிக்கிழமைக் கூட்டம். மாவிளக்கோடு நின்றவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் உடம்பைப் பற்றி நான் வெளியே வாய் திறந்து பேசினது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"ஆத்தா, நான் எளைச்சா ஒனக்குக் குத்தமா? குத்தம் இல்லன்னா வெள்ளையக் குடு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒரு அம்மா மட்டும் பக்கத்திலிருந்தவளிடம் பாவம் என்று சொன்னது கேட்டது. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் காலடியில் போட்டார். என்னையே எடுக்கச் சொன்னார். இடது பக்கம் கிடந்ததை எடுத்தேன். பிரிக்க வரவில்லை. ராணிதான் பிரித்தாள்.

வெள்ளை நந்தியாவட்டை.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ராணியும் அழுதாள். பூசாரி எனக்குத் திருநீறு பூசிவிட்டுச் சிரித்தார்.

"ஓட வையின்னு கேட்டுட்டு ஒக்காந்துக்கிட்டா அவ என்ன செய்வா தாயி? அவ என்ன வெல்ல மண்டியா வச்சிருக்கா, எடை பாத்து வாங்க? அப்பவும் ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா ஒண்ணு செய்ங்க. குறையிற எடைக்கு உள்ள வெல்லத்தப் பானக்காரமாக் கரைச்சு ஊர் சனத்துக்கு ஊத்துங்க. அவ குடிச்சா என்ன, அவ பிள்ளைக குடிச்சா என்ன?"

அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. இனிமேல் நான் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒருவருடைய தாகத்துக்குப் போகும். இப்படி ஒரு வழியை எனக்கு யோசிக்கத் தெரிந்திருக்காது. அம்மன்தான் அந்தப் பையன் வாயில் வந்து சொன்னாள் என்று நான் நம்புகிறேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. முடியாத நாட்கள் வந்தன. மழை வந்த நாள், உடம்புக்கு முடியாத நாள், மிஷினில் முள் ஒரே இடத்தில் நின்ற நாட்கள் எல்லாம் வந்தன. முன்பு போல மனசு உடையவில்லை. இது எனக்கு மட்டும் உள்ள காரியம் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டால் கால் தானாக எழுந்துகொள்கிறது. வீட்டுக்காரரிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் கோபம்தான். "நான் வாங்கிட்டு வந்ததத் தின்னுதான் நீ ஊதிப் போனியாக்கும்?" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் சனிக்கிழமை. அவர் வெறுங்கையோடு வந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது சால்னா வாசம் அடித்தது. கடையிலேயே தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேப்பைக் கூழை அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் குடித்தார்.

ஆனி மாதத்தில் கரையின் ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஓடிப் பார்த்தேன். ராணி முன்னால் ஓடுவாள். நான் பின்னால். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோவிலில் அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?

ஆடி கழிந்து வேலை சூடு பிடித்தது. போர்மேனிடம் போனேன். டீ வேண்டாம் என்று சொன்னேன். அவர் வேப்பமரத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே நானே ஓடினேன். வேகமாக ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். நிற்காமல் ஓடினேன். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் ஓடி வந்தேன். அவர் என் அறையின் கிழக்கு வாசலைக் கை நீட்டிக் காட்டினார். அது என் வாசல். ஆள் போடாமல் வைத்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் சின்ன விஷயம். அம்மன் எனக்கு எதற்காக ஓடக் கால் கொடுத்தாள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

புரட்டாசி மாதம். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. வெயில் கொளுத்தியது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். வெடி காயப்போட்டிருந்த களத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். வெடிச் சத்தம் இல்லை, சீறுகிற சத்தம். உடனே யாரோ ஓடுங்க என்று கத்தினார்கள். சரம் என் மடியில் இருந்தது. அதை எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கால் வலிக்கிறதா என்று பார்க்கவும் நேரமில்லை. வேலிப் பக்கம் போய் நின்ற பிறகுதான் நான் ஓடி வந்திருக்கிறேன் என்றே தெரிந்தது. வெறுங்காலில் நெருஞ்சி முள் குத்தியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். களத்தில் புகை எழுந்தது. ஆண்கள் மணல் வாளிகளோடு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அம்மன் புண்ணியத்தில் யாருக்கும் ஒரு தீக்காயம்கூட இல்லை. எங்கள் அறைக்காரிகள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டோம். ராணிக்கு மூச்சு இரைத்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவள் மற்றவர்களிடம் சொன்னாள்.

"மதினிய இழுத்துக்கிட்டு ஓடணுமேன்னுதான் நின்னு திரும்புனேன். ஆளக் காணோம். பாத்தா எனக்கு முன்னாடி போயி வேலிக்கிட்ட நிக்காக."

எல்லாரும் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைதான் என் காதில் நின்றது. நின்னு திரும்புனேன் என்றாள். போர்மேன் சொன்னது சரிதான். அவள் ஓட மாட்டாள். நான் உள்ளே இருந்திருந்தால் அவளும் உள்ளே வந்திருப்பாள். அவளுக்கு அப்போது இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அன்று வேனிலிருந்து இறங்கினதும் அழுக்குச் சேலையோடு கோவிலுக்குப் போனேன். வேண்ட ஒன்றுமில்லை. சும்மா நின்றேன். மாசி மாதம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட வை என்று நான் கேட்டது என் வேலைக்காக. அவள் கொடுத்தது ராணிக்கும் சேர்த்து. நாம் கேட்பது ஒரு கை அளவு. அவளுக்குத் தெரிந்தது அதைவிடப் பெரிது.

அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு நேர்த்திக்கடனைச் செலுத்தினேன். கோவில் பந்தலில் பெரிய தராசு கட்டியிருந்தார்கள். ஊர் பார்க்கத் தட்டில் ஏறி உட்கார வேண்டும். முன்பாக இருந்தால் நான் செத்தே போயிருப்பேன். அன்றைக்குத் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் எதிர்த் தட்டில் மண்டை வெல்லத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எழுபத்தொரு கிலோவில் தட்டு சமமாக நின்றது. குலவைச் சத்தம் கேட்டது. அந்த வெல்லம் முழுவதும் அம்மனுக்குப் போனது.

மீதிப் பதிமூன்று கிலோவை அண்டாவில் கரைத்தோம். எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, பந்தல் வாசலில் வைத்து ஊற்றினோம். பங்குனி வெயில். வெளியூரிலிருந்து நடந்து வந்தவர்கள், தீச்சட்டி எடுத்து வந்தவர்கள், கம்பெனிப் பெண்கள் எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். போர்மேனும் வீட்டாரோடு வந்து குடித்தார். ராணி மூன்றாவது டம்ளரை நீட்டிக்கொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "நல்லாக் குடிங்க, நல்லாக் குடிங்க. எங்க மதினியோட தொப்பைதான் இது. ரொம்ப வருசமாச் சேத்து வச்சது."

நானும் சேர்ந்து சிரித்தேன். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அண்டா காலியாகும்வரை நானே ஊற்றினேன்.

இப்போது வருடங்கள் ஓடிவிட்டன. எடை ஒன்றிரண்டு ஏறும், இறங்கும். திரும்ப எண்பதைத் தொடவில்லை. மழைக்காலத்தில் கணுக்கால் கொஞ்சம் வலிக்கும். வலித்தால் மெதுவாக நடப்பேன், நிறுத்த மாட்டேன். அன்றைக்கு நானும் ராணியும் மட்டும் நடந்த கரையில் இப்போது விடியக்காலையில் ஏழெட்டுப் பெண்கள் நடக்கிறோம். எல்லாருக்கும் ஒவ்வொரு காரணம். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்திக்கு வீட்டில் நிம்மதி இல்லை. கோவிலைத் தாண்டும்போது எல்லாரும் ஒரு நிமிஷம் நிற்போம்.

அம்மனின் பிள்ளைகளான அக்கா தங்கைமார்களே, அண்ணன் தம்பிமார்களே, உங்களில் யாராவது அடிபட்டு எழ முடியாமல் இருக்கலாம். உடம்பைப் பார்த்து நீங்களே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கத் தைரியமில்லாமல் இருக்கலாம். நான் அந்த மூன்றுமாக இருந்தவள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். வாய்க்குப் பிடித்ததைக் கொஞ்சம் குறையுங்கள். உங்களுக்குள் இருக்கிற சந்தேகத்தை, அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும், தாயிடம் போய் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் சிரிக்க மாட்டாள். நாளைக்குக் காலையில் எழுந்து நில்லுங்கள். அந்த ஒரு நாளுக்கு வேண்டிய பலத்தை மட்டும் கேளுங்கள். அவள் கொடுப்பாள். எனக்குக் கொடுத்தாள். கொடுத்த கால்களோடுதான் நாளைக்கும் நான் வேலைக்குப் போகிறேன்.